இந்தோனேசியாவுக்கு ஒரு குடும்பப் பயணம்: மூன்று தலைமுறையும் சேர்ந்து போக ஒரு திட்டம்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நமக்கு விடுமுறை என்றால் ஒரே பொருள்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுவது, ஊர், குலதெய்வம், இரண்டு கல்யாணம், ஒரு சீமந்தம், மீண்டும் ரயில். வருடத்தில் கிடைக்கும் லீவு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஊரோடு உள்ள கயிறு அறுந்துவிடாமல் இருப்பதே அந்தப் பயணங்களால்தான்.

ஆனால் ஒரு கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நம் பெற்றோருக்கு அறுபத்தைந்து, எழுபது ஆகிறது. பிள்ளைகள் ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குள் படிக்கிறார்கள். ஒன்பதாவது வந்துவிட்டால் டியூஷன், கோச்சிங் என்று எந்த விடுமுறையும் நம் கையில் இருக்காது. அதற்குள் பெரியவர்களுக்கு முழங்கால் போய்விடும். மூன்று தலைமுறையும் ஒன்றாக ஒரு நீண்ட பயணம் போவதற்கு ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது மூன்று நான்கு வருடங்களே. அதில் ஒரு வருடத்தை எடுத்துச் சரியாகத் திட்டமிட்டால், பாட்டி தாத்தாவோடு கடல் தாண்டிப் போன நினைவு பேரன் பேத்திகளுக்கு ஆயுளுக்கும் இருக்கும்.

எந்த நாட்டுக்குப் போவது? சிங்கப்பூர், மலேசியா என்றால் அங்கே உறவினர் இருப்பார்கள். அது இன்னொரு ஊர்ப்பயணமாக முடியும். நான் சிபாரிசு செய்வது இந்தோனேசியாவை. ஒரு காரணம் போதும். அங்கே நம் வீட்டுப் பாட்டிக்குத்தான் கைடு தேவைப்படாது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்சுவரில் ராமாயணம் முழுவதும் செதுக்கியிருக்கிறது. எது மாரீசன், எது ஜடாயு என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டு அவர் நடக்கலாம். வெளிநாட்டுப் பயணங்களில் பெரியவர்கள் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். இங்கே அப்படியில்லை.

எத்தனை நாள், எந்த வரிசை

இந்தோனேசியாவில் 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும் ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இரண்டு இடம் போதும்: ஜாவாவில் யோக்யகர்த்தா, பிறகு பாலி. பத்து அல்லது பதினோரு நாள் இருந்தால் யோக்யகர்த்தாவுக்கு நான்கு நாள், பாலிக்கு ஆறு நாள். இரண்டுக்கும் நடுவே விமானத்தில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம்தான்.

ஜாவாவை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே படி ஏற வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும் முதல் நாட்களில் அதை முடித்துக்கொண்டால், பாலியில் காலை நீட்டி உட்காரலாம்.

டிராவல் ஏஜெண்டிடம் போனால் பாலி ஐந்து இரவு என்று ஒரு தொகுப்பைத்தான் நீட்டுவார். கடற்கரை, படகு, பள்ளத்தாக்கின் மேல் ஊஞ்சல் கட்டி எடுக்கும் போட்டோ. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு அது மாமல்லபுரம் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு, சிற்பங்களைப் பார்க்காமலே பஸ் ஏறுவது போலத்தான். ஜாவாவைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். மறுத்தால் டிக்கெட்டையும் ஓட்டலையும் நாமே பதிவு செய்துகொள்ளலாம். அது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. டிரைவரோடு ஒரு நாள் முழுக்கக் கார் எடுத்துக்கொள்வது அங்கே சகஜம். ஆறு பேர் உட்காரும் வண்டியே கிடைக்கும்.

இங்கிருந்து பாலிக்குச் சில பெருநகரங்களிலிருந்து நேர் விமானங்கள் உண்டு. ஏறக்குறைய எட்டு மணி நேரம். அவை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் ஆகியவற்றில் ஒன்றில் மாறிப் போக வேண்டும். மாறுவதானால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். நம் பெற்றோர் வேண்டாம் என்பார்கள்; கேட்காதீர்கள். விமான நிலையத்தில் நடக்கும் நடையை மிச்சம் பிடித்தால் பிரம்பானானில் ஒரு சுற்று கூட நடக்கலாம்.

எப்போது போவது

பாலியும் ஜாவாவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் மழையில்லாத காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஆகவே நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை அங்கே பொருத்தமான காலம். தில்லியின் லூ காற்றிலிருந்தும் தப்பிக்கலாம். தசரா விடுமுறையும் நல்லதுதான். டிசம்பர் வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தால் கட்டணம் ஏறியிருக்கும், மழையும் உண்டு. அந்த மாதங்களில் பாலியின் மேற்குக் கடற்கரையில் கடல் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும்.

மூன்று பண்டிகைகளைக் கவனித்துத் தேதி குறிக்க வேண்டும். முதலாவது நியெபி. இது பாலி இந்துக்களின் வருடப் பிறப்பு, பெரும்பாலும் மார்ச்சில் வரும். அவர்கள் பின்பற்றுவது சக ஆண்டு, கி.பி. ஆண்டிலிருந்து 78-ஐக் கழித்தால் அவர்கள் வருடம் வந்துவிடும். நம் மத்திய அரசின் தேசிய நாட்காட்டியும் அதே சக ஆண்டுதான். ஆனால் கொண்டாட்டம் நேர் எதிர். நியெபி அன்று 24 மணி நேரம் தீவு முழுவதும் மௌனம். விளக்கு ஏற்றக் கூடாது, வேலை செய்யக் கூடாது, தெருவில் நடமாடக் கூடாது. விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் ஓட்டலை விட்டு வெளியே வர முடியாது. முதல் நாள் மாலை ஓகோ-ஓகோ என்ற பூத உருவங்களைத் தூக்கிக்கொண்டு பெரிய ஊர்வலம் நடக்கும். அதைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு. தெரிந்து போனால் அருமையான அனுபவம். தெரியாமல் அன்றைக்கு டிக்கெட் எடுத்தால் தலைவலி.

இரண்டாவது லெபாரான், அதாவது ரம்ஜான் பெருநாள். நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முஸ்லிம்கள். பெருநகரங்களில் வேலை செய்யும் அத்தனை பேரும் அந்த வாரம் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். அதற்கு முடிக் என்று பெயர். நம் பொங்கல் நேரத்துக் கோயம்பேட்டைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரம் ஜாவாவில் ரயிலிலும் சாலையிலும் இடம் கிடைக்காது. வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் பண்டிகை என்பதால், போகும் வருடத்துத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கலுங்கான். பாலியில் 210 நாளைக்கு ஒரு முறை வரும். வீட்டுக்கு வீடு வாசலில் வளைந்த மூங்கிலைத் தோரணம்போல் நட்டு அலங்கரிப்பார்கள். முன்னோர்கள் வீட்டுக்கு வரும் நாள் என்பது நம்பிக்கை. டிரைவர்கள் லீவில் போவார்கள், சில கடைகள் மூடியிருக்கும். ஆனாலும் அந்தத் தேதி நம் பயணத்தில் விழுந்தால் அதிர்ஷ்டம்தான்.

பிரம்பானானும் போரோபுதூரும்

யோக்யகர்த்தா நகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில் பிரம்பானான். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருக்கும் மூன்று பெருங்கோயில்கள். நடுவில் உள்ள சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். மூலத் திட்டத்தில் 240 கோயில்கள் இருந்தன; பல இன்னும் கற்குவியலாகவே கிடக்கின்றன. இதைச் சோழர்கள் கட்டினார்கள் என்று நம்மவர்களில் சிலர் மேடையிலேயே முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, ஜாவா மன்னர்கள் கட்டியது. சோழர் கடற்படை 1025-இல் போனது ஸ்ரீவிஜயத்துக்கு. சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில் நம் ஐந்நூற்றுவர் வணிகர்கள் 1088-இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே சுமத்ராவின் மேடான் நகரில், தோட்டத் தொழிலுக்குப் போன தமிழர்கள் 1884-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவை நமக்குரியவை. பிரம்பானான் ஜாவாக்காரர்களுடையது. அதைப் பார்த்து நாம் வியக்கலாம், சொந்தம் கொண்டாட வேண்டாம்.

சிவன் கோயிலில் நான்கு திசைக்கு நான்கு சந்நிதி. கிழக்கே சிவன், வடக்கே மகிஷாசுரமர்த்தினி, மேற்கே பிள்ளையார். தெற்கே யார் தெரியுமா? அகத்தியர். பொதிகை மலைக்காரர் தாடியும் தொந்தியுமாக ஜாவாவில் நிற்பதைப் பார்க்கும்போது யாருக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். வடக்குச் சந்நிதித் துர்க்கையை உள்ளூரார் ரோரோ ஜோங்க்ராங் என்ற இளவரசியாகச் சொல்கிறார்கள். தன்னை மணக்க வந்தவனிடம் ஒரே இரவில் ஆயிரம் சிலை செய்து தரச் சொன்னாளாம். அவன் பூதங்களை வைத்து 999 முடித்துவிட்டான். அவள் ஊர்ப்பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்லி, கிழக்கே தீ மூட்டிச் சேவலைக் கூவவைத்துவிட்டாள். கோபத்தில் அவன் சபிக்க, ஆயிரமாவது சிலையாக அவளே ஆனாள். குழந்தைகளுக்கு இந்தக் கதையை முன்னாலேயே சொல்லிவைத்துவிட்டு அழைத்துப் போங்கள்.

ராமாயணச் சிற்பங்கள் சுற்றுப் பிரகாரத்தின் கைப்பிடிச் சுவரில், உட்புறத்தில் இருக்கின்றன. நாம் கோயிலில் சுற்றுவதுபோலவே வலமாகச் சுற்ற வேண்டும். அப்போது கதை இடப்பக்கச் சுவரில் வரிசையாக நகரும். சிவன் கோயிலில் தொடங்கி, பாதியில் நின்று, பிரம்மா கோயிலில் தொடர்கிறது. கிருஷ்ணன் கதை விஷ்ணு கோயிலில். படிகள் செங்குத்தானவை, ஆகையால் பெரியவர்கள் ஒரு கையால் நம்மைப் பிடித்துக்கொள்ளட்டும். 2006 நிலநடுக்கத்தில் கோயில்கள் சேதமாகிப் பிறகு சீர்செய்தார்கள். சந்நிதிக்குள் அனுமதி உண்டா என்று வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழையில்லாத மாதங்களில் கோயிலைப் பின்னணியாக வைத்துத் திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டியம் நடக்கிறது, 1961-லிருந்து நடந்துவருகிறது. எந்தெந்த இரவு என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கேற்ப யோக்யகர்த்தா நாட்களை அமைப்பது நல்லது.

போரோபுதூர் நகரிலிருந்து 40 கிலோமீட்டர். சைலேந்திர மன்னர் காலத்துப் பௌத்த ஸ்தூபி. கீழே ஆறு சதுர அடுக்கு, மேலே மூன்று வட்ட அடுக்கு, 2,672 சிற்பப் பலகைகள், 504 புத்தர் உருவங்கள். காட்டுக்குள் மறைந்து கிடந்ததை 1814-இல் ராஃபிள்ஸ் ஆட்களை அனுப்பித் துப்புரவு செய்யவைத்தார். 1975-க்குப் பிறகு யுனெஸ்கோ உதவியோடு கல் கல்லாகப் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். இங்கே டிக்கெட்டில் ஒரு விஷயம் உண்டு. கீழே வளாகத்தை மட்டும் பார்க்க ஒரு டிக்கெட், மேலே ஏற வேறு டிக்கெட். மேலே ஏறுவதற்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது. கைடு துணையோடு, கல் தேயாதபடி அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். இதை இங்கிருந்தே பதிவு செய்துகொள்ளுங்கள். நேரே போய் நின்றால் மேலே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஏற முடியாத பெரியவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி மெண்டுட் கோயில் இருக்கிறது. சில படிகள்தான். உள்ளே மூன்று மீட்டர் உயரத்தில் ஒரே கல்லில் உட்கார்ந்த புத்தர், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. கூட்டம் குறைவு. நம்மில் ஒருவர் அவர்களோடு அங்கே இருக்கலாம், மற்றவர்கள் ஏறிவிட்டு வரலாம்.

போரோபுதூர்ச் சிற்பங்களில் பாய்மரக் கப்பல்கள் வருகின்றன. அதில் ஒன்றைப் பார்த்து அதே மாதிரிக் கப்பல் கட்டி, 2003-04-இல் ஜகார்த்தாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கப்பலை வளாகத்தில் உள்ள காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். பையன்களுக்குப் பிடிக்கும். கப்பலுக்கு அவர்கள் மொழியில் சொல் என்ன என்று அங்கே கேட்கச் சொல்லுங்கள்: காப்பால். கடைக்குக் கெடாய், குளத்துக்குக் கோலாம், மாங்காய்க்கு மங்கா, கல்யாணத்தில் மணமக்களுக்கு மெம்பலாய். கடைசிச் சொல் நம் மாப்பிள்ளையேதான்.

யோக்யகர்த்தாவில் இருக்கும்போது தோல்பாவைக் கூத்தையும் பார்த்துவிடுங்கள். வாயாங் குலித் என்பார்கள். முழுக்கூத்து இரவு முழுவதும் நடக்கும். பயணிகளுக்காகச் சோனோபுடோயோ அருங்காட்சியகத்தில் மாலையில் சுருக்கமாக நடத்துகிறார்கள். நம் பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்கவைப்பதுபோல் அங்கே செமார் தன் பிள்ளைகளோடு வருவார். ஆனால் செமார் வெறும் கோமாளி இல்லை, தெய்வ அம்சம். இன்னொன்றையும் பாட்டியிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஜாவா மகாபாரதத்தில் திரௌபதிக்குத் தருமர் ஒருவர்தான் கணவர். திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கும் ஊரிலிருந்து வந்தவர் என்றால் பெரிய விவாதம் நடக்கும்.

பாலிக் கோயில்கள்

பாலியில் இந்துக்கள் இருக்கிறார்கள் என்றதும் நம் பெரியவர்கள் கர்ப்பக்கிரகம், தீபாராதனை, பிரசாதம் என்று எதிர்பார்ப்பார்கள். போனதும் ஏமாற்றமாக இருக்கும். பாலிக் கோயிலில் மூலவர் கிடையாது. திறந்த முற்றங்கள், கூரை அடுக்குகள், காலியான கல் ஆசனங்கள். தெய்வங்கள் எப்போதும் அங்கே குடியிருப்பதில்லை. கோயில் திருநாளின்போது அழைத்தால் வந்து அமர்வார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். இதை முன்கூட்டியே விளக்கிவிட்டால் அந்தக் காலி ஆசனத்தின் அழகு பெரியவர்களுக்கும் புரியும். அவர்களின் முச்சந்தி வழிபாடு காயத்ரி மந்திரத்தில்தான் தொடங்குகிறது. உச்சரிப்பு வேறு, கூர்ந்து கேட்டால் பிடிபடும்.

உள்முற்றம் வழிபட வருகிறவர்களுக்கு மட்டும். ஆண் பெண் இருவருமே இடுப்பில் துணி சுற்றி, மேலே கச்சை கட்ட வேண்டும். நம் வேட்டியும் புடவையும் இந்த விஷயத்தில் உபயோகம். கச்சை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள். அதில் நமக்கு என்ன கருத்து இருந்தாலும் அது அவர்கள் வீடு.

திர்த்தா எம்புல் என்ற ஊற்றுக் கோயில் பத்தாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. கல் தாரைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தலை நனைத்துக்கொண்டு நகர்வார்கள். ஈமக்கிரியைக்கு உரிய தாரைகளைத் தாண்டிப் போய்விட வேண்டும். முன்னால் போகும் உள்ளூர்க்காரரைப் பார்த்துச் செய்தால் தப்பு வராது. மலைமேல் உள்ள பெசாக்கி பாலிக்குத் தாய்க்கோயில். உலுவாத்து கடலோரப் பாறை உச்சியில் இருக்கிறது. அங்கே மாலையில் கேசாக் நடனம். வாத்தியமே இல்லாமல், வட்டமாக உட்கார்ந்த ஆண்களின் குரலிலேயே ராமாயணம் நடக்கும். அங்குள்ள குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறிப்பதில் கெட்டிக்கார ஜாதி. தாத்தாவின் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள்.

காலையில் தெருவில் போகும்போது கீழே பார்த்து நடக்க வேண்டும். தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டில் பூவும் ஊதுபத்தியுமாக வீட்டுவாசலில், கடைவாசலில், நடைபாதையில்கூட வைத்திருப்பார்கள். சானாங் சாரி என்று பெயர். மிதிக்கக் கூடாது. நம் வீட்டு வாசல் கோலம்போல் தினமும் பெண்கள் கையால் செய்வது.

ஜாதிலுவே பக்கத்து நெல்வயல் அடுக்குகளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அவர்களுடைய சுபாக் என்ற நீர்ப்பங்கீட்டு முறை 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை உழவர்கள் கூடி, நீர்க்கோயிலோடு சேர்த்து முடிவு செய்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வயல் இருந்த தாத்தாவாக இருந்தால் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டார்.

சாப்பாடு

நிஜமான கவலை இதுதான். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அங்கே பட்டினி இல்லை. ஆனால் எச்சரிக்கை வேண்டும். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, தாஹு என்ற சோயாக் கட்டி, வேகவைத்த காய்கறிமேல் கடலைச் சட்னி ஊற்றிய காடோ-காடோ, எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. வில்லன் தெராசி. இறாலைப் புளிக்கவைத்த விழுது. சம்பலில், கீரையில், சாதத்தில்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். வெறும் வெஜிடேரியன் என்றால் சிலருக்கு அது மீனும் முட்டையும் சேர்ந்த அர்த்தம். ஆகவே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தன்ப்பா டாகிங், தன்ப்பா இக்கான், தன்ப்பா உடாங், தன்ப்பா தெலுர், தன்ப்பா தெராசி. இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், இறால் இல்லாமல், முட்டை இல்லாமல், தெராசி இல்லாமல் என்று பொருள். கூடவே தரும் அப்பளமும் பெரும்பாலும் இறால் அப்பளம்.

பாலியில் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு, யோக்யகர்த்தாவில் குறைவு. ஆசாரமான பெரியவர்கள் இருந்தால் சமையல் வசதியுள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். சாதத்துக்குக் கவலையே இல்லாத நாடு அது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் கையில் இருந்தால் போதும். சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழம், விதை, செடி எதுவும் கொண்டுபோகாதீர்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை எடுத்துப் போகவே கூடாது, அங்கே அது தடைசெய்த பொருள். வீட்டு மசாலாப் பொடியில் அரைத்திருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள்.

காபி நன்றாக இருக்கும், ஆனால் தூள் டம்ளரின் அடியிலேயே கிடக்கும். கலக்காமல் குடிக்க வேண்டும். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் காபி என்று லுவாக் காபியைப் பெரிய விலைக்கு விற்பார்கள். அந்த மிருகங்களைப் பல இடங்களில் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காசுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கலாம். குழாய்த் தண்ணீர் குடிக்க உதவாது.

காகிதங்கள், பணம், உடம்பு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்தோனேசியாவில் இறங்கியதும் 30 நாள் விசா தருகிறார்கள். ஆளுக்கு 5,00,000 ருபியா. இன்டர்நெட்டிலேயே முன்கூட்டி எடுத்தால் வரிசை மிச்சம். அரசாங்கத் தளமா என்று பார்த்துக் கட்டுங்கள், போலிகள் நிறைய. பாலிக்கு மட்டும் 2024 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு 1,50,000 ருபியா தனி வரி. எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் ருபியா என்பது நம் காசில் ஐந்நூறு ரூபாய் சொச்சம். ஆறு பேர் குடும்பத்துக்கு விசாவும் வரியும் சேர்ந்து 39 லட்சம் ருபியா, அதாவது ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய். இந்த விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய இரண்டு சிக்கல். ஒன்று, பெயர். இனிஷியலோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். மனம்போனபடி நிரப்பாமல் விமானக் கம்பெனியைக் கேட்டு, அவர்கள் முறைப்படி போடுங்கள். மற்றொன்று, பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கலாம். இந்தோனேசியா அந்தப் பட்டியலில் உள்ள நாடு. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்தச் சோதனை. சுற்றுலாவுக்குத் தடை இல்லை. ஆனாலும் திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். மத்திய அரசு ஊழியர்கள் வெளிநாடு செல்ல அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், எல்.டி.சி. வெளிநாட்டுக்குக் கிடையாது, இது தில்லிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏஜெண்டிடம் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியைப் பிடிப்பார்கள். அதன் விகிதம் அடிக்கடி மாறிவந்திருக்கிறது. அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். யார் பெயரில் பிடித்தார்கள் என்பதைக் கவனித்து ரசீது வாங்குங்கள்.

மருந்துகளைக் கைப்பையில், மருந்துச் சீட்டோடு, கடையில் வாங்கிய அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள். போதைப் பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமை. நாம் சாதாரணமாக நினைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அதில் அடங்கும். அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் கம்பெனி கையை விரித்துவிடும். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ பிறாண்டினால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்கு ஓட வேண்டும். கொசுவுக்கு டெங்கு உண்டு. வாடகை ஸ்கூட்டர் மலிவு என்று ஏறாதீர்கள். சர்வதேச லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் காப்பீடும் கிடையாது.

எரிமலைகளும் கணக்கில் வர வேண்டும். 2017 நவம்பரில் ஆகுங் மலை புகைந்து பாலி விமான நிலையத்தைச் சில நாள் மூடினார்கள். 2024 நவம்பரில் தொலைவிலுள்ள ஃப்ளோரஸ் தீவின் எரிமலைச் சாம்பலால் பாலி விமானங்கள் ரத்தாயின. ஆகவே பள்ளி திறக்கும் முதல் நாள் இரவு வந்து இறங்குவதுபோல் டிக்கெட் எடுக்காதீர்கள். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். காப்பீட்டில் இது அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் டி.வி.யை அணைத்துவிட்டு, பாட்டியை ராமாயணம் சொல்லச் சொல்லுங்கள். சீதையைத் தூக்கிப்போகும் இடத்தையும் கடலுக்கு அணை கட்டும் இடத்தையும் குழந்தைகள் தெரிந்து வைத்திருந்தால் கல்சுவரில் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பாலிக்காரர்களின் பெயர் வரிசையையும் சொல்லிவையுங்கள்: முதல் குழந்தை வாயான், இரண்டாவது மாடே, மூன்றாவது நியோமான், நான்காவது கெதுத், ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயான். வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று பெயரைக் கேட்டதுமே குழந்தைகள் சொல்லிவிடும்.

யோக்யகர்த்தாவின் தென்கடற்கரை பரங்திரித்திஸுக்கு ஒரு மாலை போகலாம். ஆனால் அலை இழுக்கும், குளிக்கக் கூடாது. தென்கடல் அரசிக்குப் பச்சை நிறம் உரியது, பச்சை உடுத்தி வந்தவர்களை அவள் அழைத்துக்கொள்வாள் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே அன்றைக்கு மட்டும் பாட்டியின் கிளிப்பச்சைப் புடவை பெட்டியிலேயே இருக்கட்டும்.